பசையும் கைப்பக்குவமும்

பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் தெருவோடு குரல் கொடுத்துக்கொண்டு வந்த காலத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வேப்பமரத்தடியில் ஒரு சிறு குழி தோண்டித் துருத்தியைப் பதித்து, கரியைக் கனிய வைத்து, பாத்திரத்தின் உட்புறத்தைக் களிம்பு போகத் தேய்த்துக் கழுவி, அது சூடேறிய பதத்தில் நவச்சாரத்தைத் தூவி, வெண்புகை எழுந்த அந்தக் கணத்தில் ஈயத்தை உரசி உருகவிட்டு, கந்தைத் துணியைச் சுருட்டிக்கொண்டு அவர் ஒரே சுழற்சியாகத் தேய்க்கும்போது, கறுத்துக் கிடந்த பாத்திரம் நிலவு புறப்பட்டதுபோல் வெளுத்துவிடும். சிறுவர்களாகிய எங்களுக்கு அது இந்திரஜாலம். எங்கள் பாட்டிக்கோ அது ஒரு பரீட்சை. ஒருவர் பூசிய ஈயம் வருஷம் முழுவதும் நிற்கும், இன்னொருவர் பூசியது இரண்டு மாதத்தில் திட்டுத் திட்டாகக் கிளம்பிவிடும், இரண்டு பேரும் வாங்குவது ஒரே கடை ஈயம், ஒரே கடை நவச்சாரம் என்பதை அவள் அறிந்திருந்தாள். ஆகையால் ஈயத்தின் தரத்தை அவள் விசாரித்ததே இல்லை. வந்திருப்பவர் யார் என்பதைத்தான் கேட்பாள்.

பல் வைத்தியத்தின் சமீப கால வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் பாட்டியின் அந்தக் கேள்வி எனக்கு நினைவுக்கு வருகிறது. சொத்தை விழுந்த பல்லைச் சுத்தம் செய்து, பல்லின் நிறத்திலேயே ஒரு பொருளை வைத்து அடைத்து, நீல வெளிச்சத்தைக் காட்டி இறுக வைக்கிறார்களே, அந்தப் பொருளுக்கும் பல்லுக்கும் நடுவே மயிரிழையிலும் மெல்லியதாக ஒரு பசை இருக்கிறது. (அதைப் பற்பசை என்று சொல்ல வழியில்லை, அந்தப் பெயரை விடியற்காலையில் பல் துலக்கும் பொருள் முன்னமே பிடித்துக்கொண்டுவிட்டது. ஆகவே பிணைப்புப் பசை என்று சொல்லிவருகிறேன்.) இதன் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ரசாயனத்தின் வரலாறாகவே எழுதியிருக்கிறார்கள், எந்த ஆண்டில் எந்த மூலக்கூறு பிறந்தது, எந்தக் கம்பெனி அதைக் குப்பியில் அடைத்தது என்று ஒரு வம்சாவளி. அது பொய்யன்று; ஆனால் பாதிதான் உண்மை. அந்தக் குப்பிக்குள் இருப்பதை எப்படிப் பூசினார்கள், எவ்வளவு நேரம் பூசினார்கள், பூசுமுன் பல்லை உலர்த்தினார்களா ஈரமாக விட்டார்களா என்பவற்றில் நேர்ந்த கருத்து மாற்றங்களே இந்தத் துறையை முன்னுக்குத் தள்ளியிருக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

பசை என்ற எண்ணமே இல்லாத காலம் ஒன்று இருந்தது. அமெரிக்கப் பல் வைத்தியத்தின் பிதாமகர்களில் ஒருவராகிய ஜி. வி. பிளாக் 1908-இல் வெளியிட்ட பெருநூலில், சொத்தையைக் குடைந்து எடுக்கும் பள்ளத்தின் வடிவத்தைக் கல்தச்சனுக்குரிய துல்லியத்தோடு வகுத்துக் கொடுத்தார். அந்நாளில் அடைப்பாக வைத்த இரசக்கலவை பல்லோடு ஒட்டும் இயல்புடையதன்று. ஆதலால் வாய் குறுகி அடி அகன்ற பள்ளமாக வெட்டி, உள்ளே திணித்த கலவை வெளியே வரமுடியாதபடி சிறைப்படுத்த வேண்டும். சிறையின் பொருட்டு நோயில்லாத நல்ல பல்லையும் வெட்டியாக வேண்டியிருந்தது. பிளாக்கைக் குறை சொல்வது நியாயமாகாது. ஒட்டாத பொருளை வைத்துக்கொண்டு அவர் கண்ட உபாயம் அது, அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கோடிக்கணக்கான பற்களை அது காப்பாற்றியும் இருக்கிறது. ஆயினும், நல்லதை இழந்து கெட்டதை நீக்கும் அந்த வியாபாரம் பலருடைய மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

முதல் முயற்சி ஸ்விட்சர்லாந்து நாட்டு ரசாயன நிபுணர் ஆஸ்கர் ஹாகருடையது. பாஸ்பாரிக் அமிலத்தின் வழித்தோன்றலான ஒரு பிசினை அவர் 1940-களின் இறுதியில் உருவாக்க, அது ‘செவ்ரிடான்’ என்ற அடைப்புப் பொருளோடு விற்பனைக்கும் வந்தது. 1952-இல் இங்கிலாந்தில் கிராமர், மக்லீன் என்ற இருவர் அவ்வாறு அடைத்த பற்களை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது, பசை தொட்ட இடத்தில் பல்லின் மேற்புறம் வேறு விதமாகச் சாயம் பிடித்து ஒரு மெல்லிய படலமாகத் தெரிந்தது. கண்டதைக் கண்டபடி எழுதிவைத்தார்கள். அந்தப் படலத்துக்கு ஒரு பெயர் கிடைக்க மேலும் முப்பது ஆண்டு ஆயிற்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த வரலாற்றின் நடுநாயகமான நிகழ்ச்சி நடந்தது நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த ராச்செஸ்டர் நகரில். கொடாக் புகைப்படக் கருவியால் பெருஞ்செல்வரான ஜார்ஜ் ஈஸ்ட்மன் அந்நகரத்துக் குழந்தைகளுக்காக நிறுவிய பல் மருத்துவ நிலையத்தில் மைக்கேல் புவனோகோர் என்பவர் ஆராய்ச்சி செய்துவந்தார். தொழிற்சாலைகளில் உலோகத் தகட்டுக்கு வர்ணம் அடிக்குமுன் பாஸ்பாரிக் அமிலத்தால் அதைக் கழுவுவார்கள், அப்படிக் கழுவினால் வர்ணம் உரியாமல் நிற்கும் என்ற செய்தி அவர் கவனத்தில் பட்டது. அந்தச் செய்தியை அறிந்த பல் வைத்தியர்கள் எத்தனையோ பேர் இருந்திருக்கக் கூடும். பல்லும் ஒரு சுவர்தானே, அதற்கும் முன்கழுவல் செய்தால் என்ன என்று கேட்டவர் அவர் ஒருவரே. 85 சதவிகித பாஸ்பாரிக் அமிலத்தை முன்பற்களின்மேல் 30 விநாடி வைத்திருந்து, கழுவி உலர்த்தி, அதன்மேல் அக்ரிலிக் பிசினில் ஒரு சொட்டு வைத்தார். பக்கத்துப் பல்லில் அமிலம் இடாமல் அதே பிசினில் ஒரு சொட்டு வைத்தார். இரண்டும் எப்போது விழும் என்று காத்திருந்தார். அமிலம் படாத பல்லில் வைத்த சொட்டு மணிக்கணக்கில் விழுந்தது. அமிலம் பட்ட பல்லில் வைத்தது வாரக்கணக்கில் நின்றது. 1955-இல் ஐந்தே பக்கத்தில் இதை எழுதி வெளியிட்டார். கட்டுரையின் தலைப்பிலேயே ‘எளிய முறை’ என்ற பொருள்பட ஒரு சொல் உண்டு. அவ்வளவு அடக்கமாகத் தொடங்கிய வேறொரு புரட்சியை நான் கேள்விப்பட்டதில்லை.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், புவனோகோர் புதிய பசை எதையும் கண்டுபிடிக்கவில்லை. பிசின் பழைய பிசின். பல் பழைய பல். அவர் மாற்றியது பூசும் முறையை மட்டுமே. பல்லின் மேலோடாகிய கடினமான எனாமல் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு தாது உப்பாலானது. அமிலம் அதைச் சீராகக் கரைக்காமல், அதை ஆக்கியிருக்கும் நுண்கோல்களின் நடுவிலோ ஓரத்திலோ ஆழமாகவும் மற்ற இடங்களில் மேலாகவும் கரைத்து, கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்ததை அம்மி கொத்தியதுபோல் ஆக்கிவிடுகிறது. அந்தக் கொத்தலுக்குள் பிசின் இறங்கி உறைந்தால் வேர் விட்ட செடிபோல் பிடித்துக்கொள்கிறது. இந்த வேர்கள் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஓரிரு பங்கு ஆழமே இறங்குபவை. இவற்றை நுண்ணோக்கியில் கண்டு 1967-இல் விவரித்தவர்கள் குவின்னெட், மட்ஸுய் என்போர். அதற்கு முன்னரே, அந்நாளில் வாஷிங்டனில் இருந்த தேசியத் தரநிர்ணய நிலையத்தில் ரஃபேல் போவன், இன்றுவரை பல் நிற அடைப்புகளுக்கு ஆதாரமாக இருக்கும் பிஸ்-ஜிஎம்ஏ என்ற பிசினை உருவாக்கி 1962-இல் காப்புரிமை பெற்றிருந்தார். நல்ல பிசினும் நல்ல முறையும் சேர்ந்த பிறகுதான் உலகம் புவனோகோரைத் திரும்பிப் பார்த்தது.

திரும்பிப் பார்த்ததும் கேள்விகள் எழுந்தன. அமிலம் எவ்வளவு உக்கிரமாக இருக்க வேண்டும்? உக்கிரம் மிகுந்தால் பலன் மிகும் என்று எண்ணுவது மனித இயல்பு. உண்மை நேர்மாறாக இருந்தது. செறிவு மிகுந்த அமிலத்தில், கரைந்து வந்த சுண்ணமே உப்பாகத் திரண்டு மேலே படிந்து, மேற்கொண்டு கரைவதைத் தடுத்துவிடுகிறது என்று கண்டார்கள். 1970-களில் சில்வர்ஸ்டோன் முதலியோர் ஆராய்ந்து 30 முதல் 50 சதவிகிதம் வரையிலான செறிவே நல்லது என்றார்கள். இன்று வைத்தியர் கையிலுள்ள நீல நிறக் குழம்பு பெரும்பாலும் 37 சதவிகிதம். எவ்வளவு நேரம்? அறுபது விநாடி என்று தொடங்கிய கணக்கு, பதினைந்து விநாடியே போதும் என்று பிற்காலத்தில் குறைந்தது. எப்படி வைக்க வேண்டும்? தூரிகையால் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும், தேய்க்கவே கூடாது, தேய்த்தால் அமிலம் உண்டாக்கிய மெல்லிய முனைகள் நொறுங்கிவிடும் என்று அந்நாளில் பாடம் சொன்னார்கள். ‘தேய்க்காதே’ என்ற இந்தப் பாடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது.

அமிலத்தைக் கழுவிய பிறகு எனாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிய வெண்மையாகத் தெரிய வேண்டும். அந்த வெண்மையின்மேல் ஒரு துளி எச்சில் பட்டால் போதும், எச்சிலிலுள்ள புரதம் நுண்துளைகளை நொடியில் அடைத்துவிடும். மீண்டும் அமிலம் இடுவதைத் தவிர வேறு வழியில்லை. பல்லை மட்டும் வெளியே காட்டி வாயின் மற்றப் பகுதியை மறைக்கும் ரப்பர் திரையை நியூயார்க்கைச் சேர்ந்த பார்னம் என்ற வைத்தியர் 1864-லேயே கையாண்டார் என்பதும், நூறாண்டு கழித்துப் பசை வந்த பிறகே அதன் முழு அருமை விளங்கியது என்பதும் ஒரு விசித்திரம். காற்றடிக்கும் குழாயில் எண்ணெய்க் கசிவு இருந்தாலும் அதே கதிதான். இதில் நம் வீட்டு வழக்கம் ஒன்றுக்கும் சம்பந்தம் உண்டு. பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைப்பது நமக்குத் தொன்றுதொட்ட பழக்கம். வைத்தியர்களும் அதன் சாரமாகிய யூஜினாலைச் சேர்த்துத் தற்காலிக அடைப்பு வைப்பதுண்டு. வலியைத் தணிக்கும் அந்தச் சத்தே பிசின் இறுகுவதைக் கெடுக்கும். ஆகவே தைலம் வைத்துக்கொண்டு போகிறவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லிவிடுவது நலம்.

எனாமலைப் பொறுத்த மட்டில் வழக்கு இவ்வாறு ஒரு வகையாகத் தீர்ந்தது. அதன் உள்ளே இருக்கும் டென்டின் அப்படி எளிதில் வசப்படவில்லை. எனாமல் பாறை என்றால் டென்டின் ஈரமண். எடையில் எழுபது பங்கு தாது, இருபது பங்கு பெரும்பாலும் கொலாஜன் என்னும் நார், பத்துப் பங்கு நீர். பல்லின் உயிர்க்கூழிலிருந்து புறப்படும் நுண்குழாய்கள் அதனூடே ஓடுகின்றன. கூழுக்கு அருகே ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நாற்பதாயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு குழாயிலும் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். துரப்பணக் கருவி ஓடிய இடத்தில் அரைபட்ட தூள் ஒரு மெழுகுபோல் அப்பி அந்தக் குழாய்களின் வாயை மூடியிருக்கும். அந்தத் தூளின்மேல் ஒட்டினால் தூளோடு பெயர்ந்து வரும். தூளை நீக்கினாலோ கீழே ஈரம். எண்ணெய் இயல்புள்ள பிசினை நனைந்த தரையில் ஒட்டச் சொல்வது எவ்வளவு அசாத்தியம்! புவனோகோரே 1956-இல் டென்டினில் முயன்று பார்த்தார். பிணைப்பு நீர் பட்டதும் தளர்ந்துவிட்டது.

தொழில்நுட்பத் தடையோடு ஒரு மனத்தடையும் சேர்ந்துகொண்டது. டென்டினில் அமிலம் பட்டால் உயிர்க்கூழ் வெந்து செத்துவிடும் என்பது மேற்கு நாடுகளில் ஏறக்குறைய வேதவாக்காக இருந்தது. அந்த வாக்கை மீறியவர் டோக்கியோவில் பல் மருத்துவப் பேராசிரியராக இருந்த ஃபுசயாமா. எனாமல், டென்டின் இரண்டையும் பேதமின்றி ஒரே அமிலத்தால் கழுவி, குராரே கம்பெனி உருவாக்கிய பசையைப் பூசிக் கிடைத்த பலனை 1979-இல் அவர் வெளியிட்டார். அமெரிக்க வைத்தியர்களுக்கு அது சாகசமாகத் தோன்றியது. பலர் அதை அபசாரம் என்றே கருதினார்கள். கூழைக் கெடுப்பது அமிலமன்று, அடைப்புக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள விரிசல் வழியே நுழையும் கிருமிகளே என்று ஸ்வீடன் நாட்டு பிரான்ஸ்ட்ரோம் போன்றவர்கள் எடுத்துக்காட்டிய பின்னரே எதிர்ப்பு மெல்ல அடங்கியது.

ஃபுசயாமாவின் பிணைப்பு ஏன் நின்றது என்பதற்குச் சரியான காரணம் அவருக்கே விளங்கியிருந்ததாகத் தெரியவில்லை. அதை விளக்கியவர் அதே டோக்கியோவில் பணியாற்றிய நக்கபயாஷி. அமிலம் டென்டினின் மேற்புறத்திலிருந்து தாதுவைக் கரைத்து எடுத்துவிட்டால், நாரின் வலை மட்டும் நீரில் மிதக்கும் பஞ்சுபோல் எஞ்சுகிறது. அந்த வலைக்குள் பிசின் ஊடுருவி உறைந்தால், பல்லும் அன்று பிசினும் அன்று என்று சொல்லத்தக்க ஒரு கலப்புப் படலம் பிறக்கிறது. அடைப்பைத் தாங்குவது நுண்குழாய்க்குள் இறங்கிய வேரைக் காட்டிலும் இந்தப் படலமே என்று அவர் 1982-இல் நிறுவினார். கிராமரும் மக்லீனும் முப்பது ஆண்டுக்கு முன் சாயத்தில் கண்ட நிழலின் பெயர் இதுதான். நக்கபயாஷி அமிலத்தை மட்டும் பயன்படுத்தவில்லை. சிட்ரிக் அமிலத்தோடு இரும்புக் குளோரைடையும் சேர்த்திருந்தார், அது நார்வலை சரிந்துவிடாமல் காத்தது. நார்வலை சரியும் என்ற இந்தச் சிறு விஷயத்தின் மகத்துவத்தை உலகம் உணர மேலும் பத்து ஆண்டு பிடித்தது.

அந்தப் பத்து ஆண்டும் பல் வைத்தியக் கல்லூரிகளில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? ‘நன்றாக உலர்த்து.’ எனாமலுக்கு அது சரியான விதி. வெண்மை தெரியும்வரை காற்றடித்தால்தான் பிசின் இறங்கும். அந்த விதியையே டென்டினுக்கும் கொண்டுபோனார்கள். தாது போன நார்வலையை நிமிர்த்தி நிறுத்தியிருப்பது நீர் ஒன்றுதான். காற்றடித்து நீரைப் போக்கினால், நனைந்த நூல்கண்டு காய்ந்து சுருள்வதுபோல் வலை படிந்து இறுகிவிடும், பிசின் நுழைய இடமே இராது. 1990-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் தொழில் நடத்திவந்த ஜான் கான்கா என்ற வைத்தியர், அமிலத்தைக் கழுவிய டென்டினை உலர்த்தாமல் ஈரமாகவே விட்டு, அசிட்டோன் கலந்த பசையைப் பூசிச் சோதித்தார். பிணைப்பு பலவீனமாக வர வேண்டிய இடத்தில் வலுவாக வந்தது. அசிட்டோன் நீரை விரட்டிக்கொண்டு உள்ளே போய், போகும்போது பிசினையும் கூட்டிக்கொண்டு போகிறது. 1992-இல் இது வெளிவந்தது. அதே ஆண்டில், எனாமலில் வேர்களைக் கண்டாரென்று முன்னே சொன்ன குவின்னெட்டும் ஈர டென்டினே மேல் என்று உறுதிசெய்தார். பல்கலைக்கழகங்களின் பெரிய ஆய்வுக்கூடங்கள் உலர்த்துவதில் முனைந்திருந்தபோது, தினந்தோறும் நோயாளிகளைப் பார்க்கும் ஒரு வைத்தியர் இதைக் கண்டது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆனால் ‘ஈரம்’ என்றால் எவ்வளவு? இந்தக் கேள்விக்குத் தராசும் இல்லை, அளவுகோலும் இல்லை. ‘பளபளப்புத் தெரிய வேண்டும், குட்டை தேங்கக் கூடாது’ என்று எழுதினார்கள். நம் வீட்டுப் பெண்கள் இட்லி மாவின் பதத்தைச் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1996-இல் ஹாங்காங்கிலிருந்து டேய் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், ஈரம் மிகுந்தால் நேரும் விபரீதத்தைப் படம் பிடித்துக் காட்டினார்கள்: பசைக்குள் நீர் கொப்புளமாகச் சிக்கிக்கொள்கிறது, நுண்குழாய் வாய்களில் முத்துமுத்தாக நிற்கிறது. உலர்ந்தாலும் கேடு, நனைந்தாலும் கேடு. இரண்டுக்கும் நடுவே கத்திமுனை அகலத்தில் ஒரு வழி. ஒரே பள்ளத்தில் மேலே எனாமல், கீழே டென்டின். ஒன்றுக்கு உலர்ச்சி வேண்டும், மற்றதற்கு ஈரம் வேண்டும். பழைய வைத்தியர்கள் சலித்துக்கொண்டதில் வியப்பில்லை.

இவ்வளவு நுட்பமான வேறுபாடுகளை அளப்பதற்கு ஒரு கருவி வேண்டுமே? பிணைப்பின் வலிமையை மெகாபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு மெகாபாஸ்கல் என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் பத்து கிலோ எடை. முன்னெல்லாம் பல்லில் பிசின் குமிழ் ஒன்றை ஒட்டிப் பக்கவாட்டில் தள்ளிப் பெயர்ப்பார்கள். பல சமயம் பசை விடுமுன் பல்லே உடைந்துவிடும். ஜப்பானியரான ஸானோ, அமெரிக்காவில் ஜார்ஜியாவிலிருந்த பேஷ்லியின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, ஒட்டிய பல்லை ஏறக்குறைய ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மெல்லிய துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் இரு புறமும் பற்றி இழுத்து அறுக்கும் சோதனையை 1994-இல் வகுத்தார். பரப்புச் சிறுத்தால் குறைகள் குறையும். பசையின் உண்மையான பலம் வெளிப்படும். இந்தச் சோதனை வந்த பிறகு, கையின் குற்றங்கள் எண்களாக மாறத் தொடங்கின. 2000-இல் ஜெர்மனியின் ஃப்ராங்கன்பெர்கரும் அவருடைய குழுவினரும் வேண்டுமென்றே தவறுகளைச் செய்து பார்த்தார்கள். பசை அதே பசையாக இருந்தும், பூசுவதில் நேர்ந்த தவறுக்கேற்பப் பிணைப்பு தளர்ந்தது.

எனக்கே இதில் அநுபவம் உண்டு. சிறு வயதில் கிணற்றடியில் விழுந்து முனை முறிந்த என் முன்பல் ஒன்றில் வைத்த ஒட்டு ஒரே வருஷத்தில் இருமுறை விழுந்தது. இரண்டாவது முறை கல்யாண வீட்டுப் பந்தியில், முறுக்கைக் கடித்தபோது. மூன்றாவதாகப் பார்த்த வைத்தியர் எந்தப் பசையென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தாமும் அதையேதான் பயன்படுத்துவதாகச் சொல்லிச் சிரித்தார். பல்லைச் சுற்றிப் பஞ்சு வைத்தார், உதட்டை விலக்கிப் பிடித்தார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார். அந்த ஒட்டு பதினோரு வருஷமாக நிற்கிறது.

கையை நம்பி இருப்பது கம்பெனிகளுக்குப் பிடிக்கவில்லை. கைக்கு வேலை குறைந்தால் தவறும் குறையும் என்று அவர்கள் கணக்கிட்டது இயல்பே. அமிலம் ஒரு குப்பி, முன்பூச்சு ஒரு குப்பி, பசை ஒரு குப்பி என்று மூன்றாக இருந்ததை இரண்டாக்கினார்கள். பிறகு, அமிலத் தன்மையைப் பிசினுக்கே ஏற்றி, கழுவவே வேண்டாத பசைகளைக் கொண்டுவந்தார்கள். 1990-களில் ஜப்பானியப் பசைகள் இந்த வழியில் நல்ல பெயர் வாங்கின. குராரே கம்பெனி 1980-களின் ஆரம்பத்திலேயே படைத்திருந்த எம்டிபி என்ற மூலக்கூறு பல்லின் சுண்ணத்தோடு ரசாயன முறையிலேயே கைகோத்துக்கொள்வது இதற்குப் பெருந்துணை ஆயிற்று. கடைசியில் எல்லாவற்றையும் ஒரே குப்பியில் அடைத்தார்கள். குப்பி ஒன்றானது, வேலை எளிதாயிற்று என்று எல்லோரும் நினைத்தபோது, கை வேறொரு வாசல் வழியாக உள்ளே வந்தது.

ஒரே குப்பிக்குள் நீரும் பிசினும் கரைப்பானும் சேர்ந்திருப்பதால், பூசிய பிறகு நீரையும் கரைப்பானையும் காற்றடித்துப் போக்கியாக வேண்டும். மெல்ல அடித்தால் நீர் எஞ்சும். வேகமாக அடித்தால் பசை ஓரங்களுக்கு ஓடி நடுவே ஒன்றுமில்லாமல் போகும். இவற்றில் சில பசைகளில், கரைப்பான் ஆவியாகும்போது பிசினும் நீரும் பிரிந்து, நீர் திவலைகளாக நிற்பதை பெல்ஜியத்தின் லூவன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2005-இல் காட்டினார்கள். அந்த வகைப் பசைக்கு மட்டும் பலமாகக் காற்றடிப்பதே சரி. ஆக, ஒரு குப்பிக்கு இளங்காற்று, இன்னொரு குப்பிக்குப் புயற்காற்று. ஒன்றின் பழக்கத்தை மற்றதற்குக் கொண்டுபோனால் மோசம். குறிப்புத் தாளைப் படிக்காமல் வீசி எறியும் வழக்கம் எல்லாத் தொழிலிலும் உண்டு. இந்தத் தொழிலில் அதற்கு உடனே தண்டனை கிடைப்பதில்லை, இரண்டு மூன்று வருஷம் கழித்து வேறொருவருடைய நாற்காலியில் கிடைக்கிறது.

இனி அந்த வேடிக்கைக்கு வருகிறேன். பசையைப் பூசிவிட்டு அதுவே ஊறட்டும் என்று விட்டுவிடுவது போதுமா, தூரிகையால் அழுத்தித் தேய்க்க வேண்டுமா என்ற கேள்வியைப் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர்களான அலெஸாந்த்ரா ரெய்ஸ், லோகுவேர்சியோ முதலியோர் எடுத்துக்கொண்டார்கள். 2006-இல் வெளிவந்த ஆய்வில் தேய்க்காமல் பூசியது, மெல்லத் தேய்த்தது, அழுத்தித் தேய்த்தது என்று மூன்று வகையையும், ஈரப் பல், உலர்ந்த பல் என்ற இரு நிலைகளையும் வைத்து ஒப்பிட்டார்கள். அழுத்தித் தேய்த்தபோது, உலர்ந்து சரிந்துகிடந்த டென்டினிலும் பிணைப்பு உயர்ந்தது. தூரிகையின் அழுத்தம் படிந்த நார்வலையைப் பஞ்சைப் பிசைவதுபோல் அமுக்கி விடுகிறது. விடும்போது வலை விரிந்து பசையை உறிஞ்சிக்கொள்கிறது. அசைவினால் கரைப்பானும் வேகமாக ஆவியாகிறது. பின்னர் நோயாளிகளின் வாயிலேயே செய்த சோதனையில், இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அழுத்தித் தேய்த்து வைத்த அடைப்புகளே அதிகமாக நின்றிருந்தன. கழுவாத வகைப் பசைகளிலும் இதே கதை: தேய்க்கும்போது, தாதுவோடு வினைபுரிந்து சோர்ந்துபோன அமிலப் பிசின் விலகி, புதிய பிசின் பல்லைத் தொடுகிறது. அமிலமிட்ட எனாமலைத் தொட்டுத் தொட்டு வை, தேய்க்காதே என்று சொன்ன அதே சாஸ்திரம், முப்பது ஆண்டுக்குள் பசையைத் தேய், அழுத்தித் தேய் என்று சொல்ல வந்தது. முன்னது தவறு என்று ஆகிவிடவில்லை; அங்கே தேய்க்கும் கை நொறுக்கும், இங்கே தேய்க்கும் கை ஊட்டும். ஈயம் பூசுகிறவரின் கந்தைத் துணியை எண்ணிக்கொண்டே நான் அந்த ஆய்வைப் படித்தேன்.

வைத்த அன்று பெற்ற பலம் நிலைக்கிறதா என்பது வேறு கேள்வி. குழந்தைகளின் பாற்பற்களில் அடைப்பு வைத்து, அவை இயல்பாக விழுந்த பிறகு சேகரித்து இழுத்துப் பார்த்த ஹஷிமோட்டோ முதலிய ஜப்பானியர்கள், இரண்டு மூன்று ஆண்டு வாயிலிருந்த பிணைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகத் தளர்ந்திருப்பதை 2000-இல் அறிவித்தார்கள். பசை போய்ச் சேராத நார் நீரில் நைந்துபோகிறது. அன்றியும், டென்டினுக்குள்ளேயே உறங்கிக்கிடக்கும் நொதிகள் அமிலத்தால் விழித்து, மூடப்படாத அந்த நாரைத் தின்கின்றன என்று பேஷ்லியின் குழு 2004-இல் காட்டியது. அமிலம் எவ்வளவு ஆழம் இறங்கிற்றோ அவ்வளவு ஆழமும் பசை போகாவிட்டால், பிழை முதல் நாளில் தெரியாது. அமிலத்தை டென்டினில் தேவைக்கு மேல் வைத்திருப்பது, பசையை அவசரமாகப் பூசுவது இரண்டும் அதே கடனைத்தான் வாங்குகின்றன.

2011-க்குப் பின் வந்த சர்வார்த்தப் பசைகள், அமிலமிட்டும் இடாமலும், ஈரத்திலும் உலர்ச்சியிலும் வேலை செய்யும் என்று விளம்பரம் பெற்றன. பெரும்பாலும் அந்த விளம்பரம் மெய்தான். அவற்றில் முதலாவதாக வந்த பசையின் குறிப்புத் தாளில், 20 விநாடி தேய்த்துப் பூசவும், சுமார் 5 விநாடி இளங்காற்று அடிக்கவும், 10 விநாடி ஒளி காட்டவும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். இருபது விநாடி என்பது வைத்தியருக்கு நீண்ட நேரம். வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்திருப்பவருக்கு அதைவிட நீண்ட நேரம். அடுத்த முறை அந்த நாற்காலியில் நீங்கள் சாய்ந்திருக்கும்போது, வைத்தியர் சிறு தூரிகையால் ஒரே இடத்தை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தால், ஏன் இவ்வளவு தாமதம் என்று எண்ணாதீர்கள். மூக்கால் மூச்சு விடுங்கள், நாக்கை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.